கடற்கரைத் தொழிலில் இன்டர்ன்ஷிப்: மாணவரைச் சேர்க்கும் முன் முதலாளிகள் செய்ய வேண்டியவை

இராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகள் மாணவர்களை இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்புவது பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறையில். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஆக, விலங்கியலோ உணவு அறிவியலோ படிக்கிற பிள்ளை இறால் கம்பெனி வாசலில் வந்து நிற்கிற நாளில் உள்ளே இறால் இருக்காது. உரிக்கிற மேசைகள் கழுவிக் காய்ந்து கிடக்கும். சூப்பர்வைசர் லீவில் இருப்பார். பிள்ளை பத்து நாள் ஆபீஸில் உட்கார்ந்து, போன வருஷத்து மாணவரின் ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதி, சீல் வாங்கிக்கொண்டு போகும். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. கடலின் காலண்டரையும் கல்லூரியின் காலண்டரையும் யாரும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

இந்தக் கரையில் நல்ல இன்டர்ன்ஷிப் அமைய இரண்டு விஷயம் முதலில் சரியாக வேண்டும். வேலை உண்மையிலேயே நடக்கிற காலத்தில் மாணவர் வர வேண்டும். வந்தவருக்கு, முடித்துக் கொடுத்தால் உங்களுக்கே பயன்படுகிற ஒரு வேலை தயாராக இருக்க வேண்டும்.

தேதியை நீங்கள் சொல்லுங்கள்

கல்லூரியிலிருந்து கடிதம் வந்ததும் "எப்ப வேணும்னாலும் வரட்டும்" என்று சொல்லிவிடுவது வழக்கம். அதை விட்டுவிட்டு, ஜனவரியிலேயே துறைத் தலைவருக்கு எழுதுங்கள்: எத்தனை பேர், எந்தப் படிப்பு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. கல்லூரிக்கு எத்தனை மணி நேரம் தேவை என்பதையும் அப்போதே கேட்டு வாங்குங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்கில் ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 30 மணி நேரம். "ஒரு மாசம்" என்று வாய்வார்த்தையாகப் பேசி முடித்தால் கடைசியில் வருகைக் கணக்கு இடிக்கும்.

தடைக்காலம் மெக்கானிக்கல் டிப்ளமோ, ஐ.டி.ஐ. பிட்டர், டீசல் மெக்கானிக் மாணவர்களுக்குக் கிடைக்கிற அருமையான காலம். படகுகள் கரையேறி நிற்கும். இன்ஜினைப் பிரிப்பது, ஷாஃப்ட் பார்ப்பது, பலகை மாற்றுவது, பைபர் பூசுவது எல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான். ஐஸ் பிளான்ட்டும் கோல்டு ஸ்டோரேஜும் கம்ப்ரசர் சர்வீஸை அப்போதுதான் வைத்துக்கொள்ளும். தேர்வு முடிந்த கையோடு, மே முதல் வாரத்துக்குள் சேர்த்துவிட்டால் ஒரு இன்ஜின் கழற்றப்படுவதிலிருந்து மறுபடி ஓடுவது வரை அந்தப் பையன் பார்த்துவிடுவான். மே கடைசியில் சேர்த்தால் பெயின்ட் டப்பா தூக்குவதுதான் மிஞ்சும்.

மீன் பதப்படுத்தும் கம்பெனிகள் ஜூன் 20க்கு மேல் தேதி கொடுப்பது நல்லது. தடை முடிந்து முதல் நாலைந்து நாள் வரத்து குவியும். யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது. மே மாதத்தைத் தவிர்க்கவே முடியாது என்றால் நாட்டுப்படகு வரத்தை நம்பி, நண்டு, கணவாய் பக்கம் திட்டமிடுங்கள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன. சரக்கு வராத நாட்களுக்கு லேப் வேலை, பதிவேட்டு வேலை என்று தனியாக வைத்துக்கொள்ளாவிட்டால் மாணவர் வாரத்தில் பாதி நாள் சும்மா இருப்பார்.

ஆடிட்டர் ஆபீஸ், வரி ஆலோசகர் ஆபீஸ் என்றால் மாதம் 1ஆம் தேதி சேருங்கள். மாதாமாதம் தாக்கல் செய்கிற வியாபாரிகளின் ஜி.எஸ்.டி. விற்பனைக் கணக்கு 11ஆம் தேதி, வரி கட்டும் படிவம் 20ஆம் தேதி. 1ஆம் தேதி வந்த பி.காம். மாணவி பில் கட்டைப் பிரிப்பதிலிருந்து வரி கட்டுவது வரை ஒரு முழுச் சுற்றைப் பார்ப்பாள். 15ஆம் தேதி சேர்ந்தவளுக்கு நுனியும் கிடைக்காது, முடிவும் கிடைக்காது.

உப்பளத்துக்கு மழைக்காலம் ஆகாது. இராமேஸ்வரம் லாட்ஜ்கள் ஆடி அமாவாசை, தை அமாவாசை வாரத்தில் புது ஆளைச் சேர்க்க வேண்டாம். இரண்டு வாரம் முன்பே சேர்ந்து பழகிய மாணவருக்கு அந்தக் கூட்டம்தான் சிறந்த பாடம்.

வேலையை எழுதி வையுங்கள்

மாணவர் வருவதற்கு முன்பே ஒரு தாளில் ஒரே ஒரு வேலையை எழுதுங்கள். அது முடிந்தால் என்ன கையில் இருக்கும் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். "எல்லாத் துறையும் சுற்றிப் பார்க்கட்டும்" என்பது வேலை ஆகாது. சுற்றிப் பார்க்க மூன்று நாள் போதும்.

மீன் கம்பெனிக்கு ஒரு வேலையை முழுதாகச் சொல்கிறோம். வெயில் நாளில் மீனுக்கு நிறைக்கு நிறை ஐஸ் என்பது பழைய கணக்கு: 1 கிலோ மீனுக்கு 1 கிலோ ஐஸ். ஆனால் கரையிலிருந்து கம்பெனி வாசல், எடை மேசை, கழுவும் தொட்டி, உரிக்கும் மேசை என்று சரக்கு நகர்கிற வழியில் எந்த இடத்தில் சூடு ஏறுகிறது என்பது பல கம்பெனிகளில் எழுத்தில் இருக்காது. மாணவியின் வேலை அதைக் கண்டுபிடிப்பது. ஒவ்வொரு லோடிலும் மூன்று மீன் அல்லது மூன்று கைப்பிடி இறால். ஒன்று ட்ரேயின் மேல், ஒன்று நடு, ஒன்று அடி. ஒவ்வொரு இடத்திலும் நேரம், உள் வெப்பநிலை, ஐஸ் மிச்சம் இருக்கிறதா என்று மூன்றே கட்டம் கொண்ட தாள். குறி, 4 டிகிரிக்கு மேல் போகாமல் இருப்பது.

தெர்மாமீட்டரைத் தினமும் காலையில் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், அது மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர், நன்றாகக் கலக்கிவிட்டு ஊசியை நடுவில் பிடித்தால் முள் 0 காட்ட வேண்டும். ஊசி டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. 1 டிகிரி தள்ளிக் காட்டினால் அதைத் தாளின் மேலே எழுதிவிட்டுத் தொடங்கலாம்.

இதில் வழக்கமாக நடக்கிற பிழைகள் மூன்று. ஊசி மீனின் தடித்த சதைக்குள் போகாமல் பக்கத்து ஐஸ் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். எப்போதும் 0, 1 என்றே வரும். மேல் ட்ரேயில் மட்டும் அளப்பார்கள், அடியில் ஐஸ் கரைந்து போயிருக்கும். மூன்றாவது, எல்லா வரியிலும் 4.0 என்றே இருக்கும். அப்படி வந்தால் அளக்காமல் எழுதியது என்று எடுத்துக்கொண்டு, கோபப்படாமல் கூட நின்று ஒரு லோடு அளந்து காட்டுங்கள். இரண்டு வாரத் தாள் சேர்ந்ததும் எந்த மேசையில் எத்தனை நிமிஷம் சரக்கு தேங்குகிறது என்று தெரிந்துவிடும். உங்கள் தர அதிகாரிக்கு அந்தத் தாள் நிச்சயம் வேண்டும்.

கடல்பாசி வளர்க்கிற குழுக்களும் நிறுவனங்களும் வேறொரு சிக்கலைச் சந்திக்கின்றன. கப்பா பாசி கட்டி 45 நாளில்தான் அறுவடை. மாணவர் இருப்பதோ 30 நாள். கட்டியதைப் பார்த்தவர் அறுப்பதைப் பார்க்க மாட்டார். இதற்கு வழி, அவர் வருகிற நாளில் வயது வேறுபட்ட மூன்று மிதவைகளை ஒதுக்கி வைப்பது: அன்றே கட்டியது, 15 நாள் ஆனது, 30 நாள் ஆனது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 துண்டு, துண்டுக்கு 150 கிராம் என்றால் விதைப்பாசி 60 கிலோ. மிதவைக்கு மூன்று கயிற்றில் அடையாளத் துணி கட்டி, வாரம் ஒரு முறை அந்தக் கயிறுகளை மட்டும் தண்ணீர் வடியவிட்டு எடை போட வேண்டும். எத்தனை நிமிஷம் வடியவிடுவது என்பதை முதல் நாளே முடிவு செய்து, கடைசி வரை மாற்றாதீர்கள். ஒரு நாள் 2 நிமிஷம், ஒரு நாள் 10 நிமிஷம் என்றால் எடை வளர்ச்சியைக் காட்டாது, தண்ணீரைக் காட்டும். 60 கிலோ 45 நாளில் 240 கிலோ ஆனால் தினசரி வளர்ச்சி சுமார் 3 சதவீதம். கணிதம் தெரிந்த மாணவர் இந்தக் கணக்கை உங்கள் எல்லா மிதவைக்கும் போட்டுத் தருவார். பாசியின் நுனி வெளுப்பது, வேறு பாசி ஒட்டுவது, ஓரா மீன் கடித்த தழும்பு ஆகியவற்றைத் தனித்தனிப் பத்தியில் குறிக்கச் சொல்லுங்கள். எடை குறைந்ததற்குக் காரணம் அங்கேதான் கிடைக்கும். வாடைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இந்த வேலைக்கு மாணவரைக் கூப்பிட வேண்டாம். மிதவை அறுந்து போகிற காற்றில் அளவெடுப்பும் நடக்காது, பாதுகாப்பும் இல்லை.

வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களில் வேதியியல் மாணவர்களுக்கு நல்ல வேலை இருக்கிறது. கடல் தண்ணீர் 3 டிகிரி போமே (தண்ணீரில் உப்பு எவ்வளவு செறிந்திருக்கிறது என்று காட்டுகிற அளவு) நிலையில் உள்ளே வந்து, பாத்தி பாத்தியாகக் கெட்டிப்பட்டு, 25 டிகிரியில் உப்பு விளையத் தொடங்கும். 29ஐத் தாண்டினால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், அதற்கு முன் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பாத்திவாரியாக எழுதினால் எந்தப் பாத்தி எத்தனை நாளில் பழுக்கிறது என்ற அட்டவணை கிடைக்கும். காலை 9 மணிக்குள் அளந்து முடித்துவிடட்டும்.

இன்ஜின் பட்டறைக்கு: ஒரே ஒரு படகின் முழுக் கோப்பு. கழற்றிய பாகங்களின் படம், எந்தத் தட்டில் எந்த போல்ட், எது தேய்ந்திருந்தது, ஏன் தேய்ந்தது, என்ன விலைக்கு மாற்றினோம். கூலிங் பைப்பில் உப்பு அடைத்து இன்ஜின் சூடேறியதைப் பையன் தானே கண்டுபிடித்து எழுதினால் அதைவிடப் பெரிய பாடம் வேறில்லை. அடுத்த வருஷம் அதே படகு வரும்போது அந்தக் கோப்பு உங்கள் மேசையில் இருக்கும்.

யார் சொல்லிக் கொடுப்பது

முதலாளியே சொல்லிக் கொடுப்பதாக வைத்துக்கொண்டால் நடக்காது. ஏலம், பேங்க், லாரி என்று அலைகிறவருக்கு நேரம் கிடைக்காது. தினமும் அந்த இடத்திலேயே இருக்கிற ஒருவரை நியமியுங்கள். காலையில் 15 நிமிஷம், மாலையில் 15 நிமிஷம் அவருடைய வேலை நேரத்திலிருந்து இதற்கென்று ஒதுக்கி, அதை அவரிடமும் அவருக்கு மேலே இருப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். ஒருவருக்கு இரண்டு மாணவர்களுக்கு மேல் வேண்டாம். பத்துப் பேரை மொத்தமாக ஏற்றுக்கொண்டால் ஒருவர் பேரும் யாருக்கும் தெரியாது.

நண்டு உரிக்கிற, இறால் உரிக்கிற அக்காமார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கைவேகம், தரம் பார்க்கிற கண், கெட்டதை மூக்கால் பிடிக்கிற திறமை எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது; மாணவி கற்க வேண்டிய பாதி அங்கேயே இருக்கிறது. ஆனால் அவர்களுக்குக் கூலி கிலோ கணக்கில். பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்கார வைத்து "இதை எப்படிக்கா பண்றீங்க" என்று கேட்க வைத்தால் அன்றைக்கு அவர்களுக்கு இரண்டு கிலோ குறையும். அந்த நஷ்டத்தை அவர்கள் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். மாணவியிடம் பேசாமல் இருந்துவிடுவார்கள். எனவே சொல்லிக் கொடுக்கிற நாட்களில் அவர்களுடைய வழக்கமான நாள் சம்பளத்தைக் கணக்குப் பார்த்து அதை முழுதாகக் கொடுங்கள். மாணவி உரித்த சரக்கை அந்த அக்காவின் கணக்கிலேயே எழுதுங்கள். இதைச் செய்யாமல் மாணவிகளை மேசையில் உட்கார வைத்து வாரக்கணக்கில் உரிக்கவிடுவது இரண்டு பக்கத்துக்கும் அநியாயம்: படிக்க வந்தவருக்குப் படிப்பு இல்லை, கூலிக்கு வந்தவருக்குக் கூலி குறைகிறது. உரிக்கப் பழக இரண்டு நாள் போதும்.

முதல் நாள்

முதல் நாள் பெற்றோர் கூடவே வருவார்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுடன். அவர்களை வாசலில் நிறுத்தாதீர்கள். வேலை செய்கிற இடம், கழிப்பறை, சாப்பிடுகிற இடம், யாருடைய பொறுப்பில் பிள்ளை இருக்கும் என்பதை நடந்து காட்டுங்கள். இந்த அரை மணி நேரம் செலவழித்தால் "பாதியில நின்னுட்டா" என்ற பிரச்சினை பெரும்பாலும் வராது. ஒரே ஊரிலிருந்து இரண்டு பெண்களாகச் சேர்ப்பது நல்லது. பஸ்ஸில் போக வர துணை இருக்கும். கடைசி பஸ் நேரத்தைக் கேட்டுவிட்டு வேலை நேரத்தை முடிவு செய்யுங்கள். இரவு லோடிங்குக்கு நிறுத்தவே கூடாது. கிறிஸ்தவப் பிள்ளைக்கு ஞாயிறு, முஸ்லிம் பிள்ளைக்கு வெள்ளி மதியத் தொழுகை நேரம். இதை அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடலாம்.

கம்பூட், ஏப்ரன், தொப்பி, கையுறை ஆகியவற்றின் அளவை முந்தின வாரமே போனில் கேட்டு வாங்கி வையுங்கள். பெரிய கம்பூட்டோடு ஈரத் தரையில் நடந்து விழுவதுதான் முதல் வாரத்தில் அதிகம் நடக்கிற விபத்து. இறால், நண்டு ஒவ்வாமை உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் உரிக்கும் கூடத்துக்குள் அனுப்ப வேண்டாம். கையில் வெட்டுக்காயம் பட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும், சொன்னதற்காகத் திட்டு விழாது என்பதையும் அன்றே சொல்லுங்கள். பாசி வேலைக்குத் தண்ணீரில் இறங்குகிறவருக்கு லைஃப் ஜாக்கெட்டும் ரப்பர் செருப்பும் கட்டாயம். சொறி மீன் பட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மாணவரை விசைப்படகில் கடலுக்கு அனுப்பாதீர்கள், அவரே ஆசைப்பட்டுக் கேட்டாலும். எல்லைப் பக்கம் கைது நடக்கிற கடல் இது; மீனவர் அடையாள அட்டை இல்லாத பிள்ளை படகில் இருந்தால் அந்தக் குடும்பம் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. வனத்துறை அனுமதி இல்லாமல் மாதிரி எடுக்கவும் படம் எடுக்கவும் அங்கே கூட்டிப் போகக் கூடாது. கடல் அட்டை, கடல் குதிரை போன்றவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. வலையில் வந்ததை "காலேஜ் லேபுக்கு" என்று பாட்டிலில் போட்டுக் கொடுப்பதும் குற்றம்.

வயதைப் பாருங்கள். பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிள்ளைக்கு 16, 17 வயதுதான் இருக்கும். 18 நிரம்பாதவரை ஆபத்தான வேலைகளில் ஈடுபடுத்தச் சட்டம் இடம் கொடுக்காது. ஐஸ் பிளான்ட் அம்மோனியா அறை, வெல்டிங், உயரத்தில் ஏறுகிற வேலை எதிலும் அவர்களை விடாதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சிக்கு வந்தவரையும் பாதுகாக்கிறது. குழுவில் இருக்கும் பெண்ணின் பெயரும் போன் எண்ணும் முதல் நாளே மாணவியின் நோட்டில் எழுதப்பட வேண்டும்.

காசு

சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப் என்றாலும் பஸ் காசும் மதியச் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. மாணவர் இலவச பஸ் பாஸ் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகிற வழிக்குத்தான். இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். தினமும் போய் வருகிற காசை ஒரு மீனவக் குடும்பம் மே மாதத்தில் எங்கிருந்து எடுக்கும்? படகு நிற்கிறது, தடைக்கால நிவாரணம் வீட்டுச் செலவுக்கே பற்றாது. உதவித்தொகை கொடுப்பதாக இருந்தால் வாரா வாரம் கொடுங்கள். முடிவில் மொத்தமாகத் தருகிறோம் என்றால் பிள்ளை அதுவரை கடன் வாங்கித்தான் வரும், அல்லது இரண்டாம் வாரம் நின்றுவிடும். மாணவரின் வேலை உங்களுக்கு வருமானம் தருகிறது என்றால், இலவசமாக வாங்குவதை விட்டுவிட்டுக் கூலி கொடுங்கள்.

அப்ரண்டிஸ் என்பது வேறு. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்கள் 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி எடுத்தாக வேண்டிய பயிற்சியாளர்களுக்கு ஒப்பந்தமும் குறைந்தபட்ச உதவித்தொகையும் உண்டு. கல்லூரி மாணவரின் நான்கு வார இன்டர்ன்ஷிப்பை அந்தக் கணக்கில் காட்ட முடியாது.

நடுவில் பார்ப்பதும் கடைசி வாரமும்

மாணவர் தினமும் நோட்டில் நாலு வரி எழுதட்டும்: என்ன செய்தேன், என்ன அளந்தேன், எது புரியவில்லை, நாளைக்கு என்ன. பொறுப்பாளர் அன்றே கையெழுத்துப் போட வேண்டும். "எது புரியவில்லை" என்ற வரி மூன்று நாள் காலியாக இருந்தால் எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், கேட்கப் பயப்படுகிறார். அவரைக் கூப்பிட்டு, ஒரு மேசையைக் காட்டி, "இங்க என்ன நடக்குதுன்னு எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அதுதான் அடுத்த நாள் பாடம்.

இரண்டாம் வாரக் கடைசியில் அரை மணி நேரம் முதலாளியே உட்கார வேண்டும். எடுத்த தாள்களை மேசையில் பரப்பிப் பாருங்கள். வேலை பெரிதாக இருந்தால் குறையுங்கள்: மூன்று மிதவையை ஒன்றாக்கலாம், ஐந்து இடத்து அளவை இரண்டாக்கலாம். சுலபமாக முடிந்துவிட்டால் அதே வேலையில் அடுத்த கேள்வியைக் கொடுங்கள். புது வேலைக்கு மாற்றினால் இரண்டுமே அரைகுறையாக நிற்கும்.

கடைசி வாரத்தில் மூன்று நாள் எழுதுவதற்கென்று விடுங்கள். ரிப்போர்ட்டில் கம்பெனி வரலாறு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மீதி முழுக்க அவர் செய்த வேலை. எந்தக் கணக்கை வெளியே காட்டலாம், வாங்குபவர் பெயர், விலை போன்ற எதைக் காட்டக் கூடாது என்பதை எழுதத் தொடங்கும் முன் சொல்லிவிடுங்கள். எழுதி முடித்த பிறகு அடித்துக் கொடுத்தால் பிள்ளைக்கு மனம் உடைந்து போகும். பிறகு, சொல்லிக் கொடுத்த சூப்பர்வைசர், உரிக்கிற அக்காமார், முதலாளி எல்லோர் முன்பும் பத்து நிமிஷம் தமிழிலேயே பேசச் சொல்லுங்கள். அவர் கண்டுபிடித்ததில் எதை நாளையிலிருந்து மாற்றப் போகிறீர்கள் என்று அங்கேயே பதில் சொல்லுங்கள். ஒன்றையும் மாற்ற முடியாது என்றால் ஏன் என்று காரணத்தைச் சொல்லுங்கள்.

சான்றிதழில் "நன்கு பணியாற்றினார்" என்று மட்டும் எழுதினால் அது எந்த வேலைக்கும் உதவாது. தேதி, மொத்த மணி நேரம், செய்த வேலை, கையாண்ட கருவி, முடிவு என்று ஐந்து வரி வேண்டும்: "ஜூன் 22 முதல் ஜூலை 18 வரை, 120 மணி நேரம், கொள்முதல் முதல் உரிக்கும் மேசை வரை இறாலின் வெப்பநிலையை அளந்து, சரக்கு தேங்கும் இரண்டு இடங்களைக் கண்டறிந்தார்." வராத மாணவருக்குச் சான்றிதழ் கொடுக்காதீர்கள், யார் சிபாரிசு செய்தாலும். கடைசி நாளன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். ஒரு கையெழுத்துக்காக மறுபடி இரண்டு பஸ் ஏறி வர வைக்க வேண்டாம். தாள்களின் ஒரு நகலைக் கோப்பில் வைத்து, அடுத்த ஜனவரியில் துறைத் தலைவருக்கு எழுதும் கடிதத்தோடு சேர்த்து அனுப்புங்கள். எந்த மாதிரி மாணவரை அனுப்ப வேண்டும் என்று அவருக்கு அதிலேயே தெரிந்துவிடும்.